பதினேழாம் பக்கத்துப் புள்ளி

காலையில் பல்கூடத் தேய்க்காமல் கணினியைத் திறந்தவள், ஓர் அறிக்கைக்குக் கீழே இருந்த எண்ணை இரண்டு தடவை படித்தாள். கடல் காப்பகத்துக்குள் களவா மீன்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கூடி முட்டையிடுவதைப் பற்றி அவள் எழுதிய அறிக்கை அது. இணையத்தில் ஏற்றி ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் அறுநூறு பேர் அதை இறக்கி எடுத்திருக்கிறார்கள். அவள் எழுதுவதைப் படிக்கிற ஆட்கள் உலகத்திலேயே இருபது பேர் தேறினால் அதிகம். மிச்சப் பேர் யார்?

பதினேழாம் பக்கம். வரைபடம். மீன் கூடும் பாறைமேல் ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்திலேயே அட்சரேகை, தீர்க்கரேகை, நாலு தசமம்வரை. வெளியூர்த் திருட்டுப் படகுகள் நேரே வந்து நிற்காதபடி, ஊருக்குக் காட்டும் வரைபடத்தில் எண்ணை அழித்துவிட்டுப் புள்ளியைத் தள்ளி வைக்க வேண்டும். வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே அவள் ஓதுகிற பாடம் அது. அப்படி ஓதுகிற மகராசியே இந்தக் காரியத்தைப் பண்ணி வைத்திருக்கிறாள்!

அறிக்கையை நீக்கினாள். நீக்கி என்ன? மீன் கூடத் தொடங்கி நாலு நாளாகிறது. காவல் படகுக்காரருக்குப் போன் போட்டாள். இன்ஜின் பழுதாகி ஒரு வாரமாகக் கரையில் கிடக்கிறதாம்.

மீனைவிட மாமாவை நினைத்துத்தான் அவளுக்குப் பயம். மாமா என்றால் அக்கா புருஷன், படகுக்காரர். எட்டு வருஷம் அந்தப் பாறையைத் தொடாமல் விட்டால் சுற்றுவட்டாரமெல்லாம் மீன் பெருகும் என்று இவள் சொன்னதை நம்பி, ஒவ்வொரு படகுக்காரர் வாசலிலும் போய் நின்றவர். அவர் வாங்காத ஏச்சில்லை. இது எட்டாவது வருஷம்.

சாயங்காலம், தண்ணீருக்குள் இறக்கும் மைக்கையும் ஹெட்போனையும் தூக்கிக்கொண்டு துறைக்கு வந்தாள். முட்டையிடும் நேரத்தில் களவா உறுமும். அதைக் கேட்டால் மீன் மிச்சமிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

"என்ன டாக்டரம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? அக்காகூடச் சண்டையா?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்லை மாமா. படகை எடுங்க."

வழியில் மூன்று தடவை சொல்ல வாயெடுத்தாள். "மீன் உறுமுறதை எட்டு வருஷமா நீ மட்டும்தான் கேட்டுக்கிட்டு வர்றே. இன்னைக்கு எனக்கும் ஒரு தடவை குடு" என்றார் அவர். அதோடு இவள் குனிந்து மைக்கின் வயரைப் பிரிக்கத் தொடங்கினாள்.

பாறைக்கு மேலே, அறுந்த தூண்டில் நரம்பு ஒரு சுருள் மிதந்தது. மாமா பார்க்கவில்லை. படகை மிதவையில் கட்டிக்கொண்டிருந்தார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கை இறக்கினாள். போன வருஷம் இதே இடத்தில் அத்தனை உறுமலும் சேர்ந்து காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது. எது எந்த மீன் என்று பிரிக்க முடியாமல், எண்ணுவதையே விட்டுவிட்டாள். இப்போது படகடியில் தண்ணீர் மோதுகிற சத்தம் மட்டும். கால் மணி நேரம் போனது. கடவுளே, ஏதாவது கேட்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

பொறுமை தாங்காமல் மாமா ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். மெல்ல மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

"கேக்குது" என்றார். "ஒத்தை ஆளு, விட்டு விட்டு உறுமுறான். எவ்வளவு தெளிவா இருக்கு! நீ சொன்னது நிஜந்தான். நாளைக்கே எல்லார்கிட்டயும் போய்ச் சொல்றேன்."

சிரித்தபடி ஹெட்போனை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"மாமா, இப்படித் தெளிவா கேக்கக் கூடாது" என்றாள்.