சபாவின் மஞ்சள் கட்டிகள்

ஃபரீன் கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தபோது தங்கை சபாவை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். 1987 செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்தது. சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால், விழுப்புரத்துக்கு இந்தப் பக்கம் பாதி தூரத்தை நடந்தே கடந்திருந்தாள்.

சபாவுக்குப் பதின்மூன்று வயது. சின்னதிலிருந்தே முழங்கையிலும் குதிகாலிலும் மஞ்சள் கட்டிகள். மாடி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். களிம்பு தடவித்தான் பார்த்தார்கள். சென்னையில் எம்.எஸ்ஸி. விலங்கியல் சேர்ந்த பிறகு, ஒரு ஆய்வுக் கட்டுரையில் அதே கட்டிகளின் படத்தை ஃபரீன் பார்த்தாள். நெஞ்சை அடைக்கும் பரம்பரை நோய் என்று அதில் போட்டிருந்தது. பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்று கோடை விடுமுறை முழுக்க மன்றாடினாள். ஜவுளிக்கடை வைத்திருந்த அவள் அத்தா ஜான் பாஷா அசையவில்லை. நெஞ்சு நோய் என்று வெளியே தெரிந்தால் பெண்ணை எவன் கட்டுவான் என்றார்.

இப்போது அவரே, உறவுகள் நடுவில், மனைவி ரசூல் பீவியைப் பார்த்துச் சொன்னார்: "கறியும் நெய்யுமா ஊட்டி நீதான் கொன்னுட்ட."

அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஃபரீன் அத்தாவின் முன்னால் போய் நின்றாள்.

"அவங்க ஊட்டுனதால இல்லத்தா. ஒவ்வொரு செல்லோட தோல்லயும் சின்னச் சின்னக் குழி இருக்கு. புரோட்டீனுங்க ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கினு, கூடை மாதிரி பின்னி அந்தக் குழிய வளைக்குது. ரத்தத்துல வர்ற கொழுப்ப கொக்கி போட்டுப் புடிச்சி, அந்தக் குழி வழியாத்தான் செல்லு உள்ள இழுத்துக்கும். சபாவுக்கு அந்தக் கொக்கி வேல செய்யல. வெறுங் கஞ்சி குடிச்சிருந்தாலும் கொழுப்பு ஏறி நெஞ்ச அடைச்சித்தான் இருக்கும். அந்தக் கோளாறுல பாதி அம்மாகிட்ட இருந்து வந்துச்சி. மீதி பாதி உங்ககிட்ட இருந்து."

அம்மாவின் அண்ணன் அப்துல்லா தொண்டையைச் செருமிக்கொண்டு, இவ்வளவு வாய் ஆகாது, படிப்பை நிறுத்திவிட்டு என் மகனுக்கே முடித்துவிடலாம் என்றார்.

"அத்தாவும் அம்மாவும் மாதிரி ஒரே ரத்தத்துல கட்டிக் கட்டித்தான் ஒருத்தியப் புதைச்சிட்டு வந்தீங்க மாமா. இன்னும் எத்தினி பேரு வேணும்?"

ஜான் பாஷா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். அதுவரை அசையாத ரசூல் பீவி எழுந்து நடுவில் வந்து நின்றாள்.

"அவ மேல கை பட்டா இந்த வூட்டுல நான் இல்ல."

பஸ் ஓடத் தொடங்கியதும் தாயும் மகளும் சென்னைக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள். இருவருக்கும் கொழுப்பு ஜாஸ்திதான், மருந்து தொடங்கினார்கள். அப்துல்லா அந்த வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஜான் பாஷா பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க மறுத்துவிட்டார்.

அடுத்த வருஷம் கடையில் துணி அளந்துகொண்டிருந்தபோதே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த ஃபரீன், டாக்டரிடம் குடும்பத்தின் கதை முழுவதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கட்டிலில் கிடந்தவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.