கை தூக்கிய பிறகு வந்த தமிழ்

சங்கக் கூட்டத்தில் தமிழுக்கு எப்போதும் கடைசிப் பந்திதான். முதலில் ஆங்கிலம், அடுத்து சீனம், பிறகு மலாய். மூன்றும் முடிந்து ஆட்கள் எழுந்திருக்கும் நேரத்தில், சங்க ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்க்கும் கிராணி அம்பிகைபாகன் யாழ்ப்பாணத்து இழுவையோடு தமிழில் சொல்லுவார். அதற்குள் முடிவு ஆகியிருக்கும். அதனால் ஜூரோங் தகர டிரம் தொழிற்சாலையின் தமிழர்கள் ஒன்பது பேரும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்: முன்வரிசைச் சீனர்கள் கை தூக்கினால் தாங்களும் தூக்கிவிடுவது. இத்தனை வருஷத்தில் அதனால் யார் குடியும் கெட்டுவிடவில்லை.

அறுபத்தெட்டாம் வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஃபேரர் பார்க் மண்டபத்துக்கு வேலாயுதம் வந்ததே சேக் தாவூதுக்காகத்தான். ஒரே இயந்திரத்தில் எதிரெதிரே நின்று வேலை பார்த்தவர்கள். சாயப் பிரிவுக்கு மாறச் சொன்ன ஃபோர்மேனிடம், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது என்று தாவூது மறுத்தான். மறுநாளே சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

முன்பென்றால் வேலையை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலை வாசலில் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது வந்திருக்கும் புதுச் சட்டமோ, ஆளை மாற்றுவதும் நீக்குவதும் முதலாளி பாடு, சங்கம் அதில் பேரம் பேசக் கூடாது என்கிறதாம். இல்லாவிட்டால் புதுத் தொழிற்சாலைகள் வராது, வேலையே இருக்காது என்றார் ஒருவர். தொழிலாளி கழுத்தில் கயிறு என்றார் இன்னொருவர். இருவர் சொன்னதும் வேலாயுதத்துக்கு நியாயமாகவே பட்டது, அதுதான் எரிச்சல். ஒன்று மட்டும் தெளிவு. தாவூதின் மனைவி சாயிரா பானுவிடம், "நான் இருக்கேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

நீக்கப்பட்டவன் உள்ளே உட்காரக் கூடாதாம். தாவூது வெளியே ஜன்னலோரம் நின்றான்.

தலைவர் ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். சீனத்தில் சொன்னதும் கூச்சல் எழுந்தது. மலாயில் சொல்பவர் அன்று வரவில்லை. தமிழுக்குக் காத்திராமல் தலைவர் வாக்கெடுக்க, முன்வரிசையில் பாதிப் பேர் கை தூக்கினார்கள், பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டார்கள். வழக்கம் காலை வாரிவிட்டது. எந்தப் பாதியைப் பார்ப்பது? போராடப் போகிறவன்தானே கையைத் தூக்குவான் என்று எண்ணிய வேலாயுதம், ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினான். அவனைப் பார்த்து மற்ற எட்டுப் பேரும் தூக்கினார்கள்.

பிறகு தமிழ் வந்தது. வேலைநிறுத்தம் வேண்டாம், தொழிலாளர் அமைச்சுக்கு ஒரு மனு அனுப்பினால் போதும் என்ற தீர்மானம் ஏழு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது என்று அம்பிகைபாகன் வாசித்தார்.

வேலாயுதம் அவரிடம் ஓடினான்.

"ஐயா, தெரியாம தூக்கிட்டோம். திரும்ப எண்ணச் சொல்லுங்க."

"எழுதிக் கையெழுத்தும் வைச்சாச்சு," என்றார் அவர். "நீர் செய்தது பிழையெண்டும் சொல்ல ஏலாது. ஸ்ட்ரைக் பண்ணினா எல்லாற்ற வேலையும் போயிருக்கும். சரியெண்டு சொல்லவும் எனக்கு மனம் வரேல்லை."

படித்தவரே இப்படி மென்று விழுங்கினால் பாமரன் எங்கே போவான்?

வெளியே தாவூது அவனுக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கி வைத்திருந்தான். "ஜன்னல் வழியா பார்த்தேன் மச்சான், பேச்சுதான் கேக்கல. நம்மாளுங்கள்ல முதல் கை உன்னோடதுதான்," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. வேலாயுதத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான்.

தாவூது கோபப்படவில்லை.

"சரி மச்சான். தமிழ்ல முதல்லயே சொல்லியிருந்தா? ஸ்ட்ரைக்குன்னா உன் வேலையும் போகும்னு தெரிஞ்சிருந்தா? கையத் தூக்காம இருந்திருப்பியா?"

இருந்திருப்பேன் என்று சொல்லத்தான் வேலாயுதம் வாயைத் திறந்தான். நாக்கில் வந்து நின்றதென்னவோ, வீட்டில் மூன்று பிள்ளைகள் என்பதுதான்.