பெயர் மட்டும் மாற்றப்பட்டுள்ளது

1

காலை ஐந்து இருபது.

போன கதையையும் இப்படித்தான் தொடங்கினேன். மரக்காணத்தில் ஆஸ்துமா விழிப்புணர்வு முகாமுக்காக ஒரு தொண்டு நிறுவனம் சிறு புத்தகம் போட்டது. என்னிடம் ஒரு கதை கேட்டார்கள். உப்பளத்தில் கூலி வேலை செய்யும் ஒரு பெண் தன் கதையைச் சொன்னார். பெயரை மாற்றி, பூங்குழலி என்று வைத்தேன். அந்தக் கதை என்ன செய்தது என்பதுதான் இந்தக் கதை.

2

இந்த முறை பெயர் சகாயசெல்வி. இதுவும் அவர் பெயர் இல்லை.

சகாயசெல்வி உப்பை வாரிக்கொண்டிருந்தபோது மூச்சு

(வேண்டாம். மூச்சுத் திணறலை நான் நன்றாக எழுதுவேன். போன முறை அதற்குப் பாராட்டு வந்தது.)

பத்து வருடமாக ஆஸ்துமா. அரவைக் கொட்டகையில் உப்பு மாவாகப் பறக்கும் நாட்களில் கூடும். சீமைக்கருவேல மறைவில் போய் இன்ஹேலரை இழுத்துவிட்டு வருவார். உப்பு படாமலிருக்க அதை [               ] சுற்றி இடுப்பில் செருகியிருப்பார். உள்ளே இருப்பது வெற்றிலை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அடைப்புக்குள் இருந்ததை எடுத்துவிட்டேன். போன கதையில் அது இருந்தது. அந்த வட்டாரத்தில் வேறு யாரும் அப்படி வைப்பதில்லை. அந்த ஒரு வரியில்தான் கதைக்கு உயிர் வந்தது என்று நினைத்துக்கொண்டேன். அது என்னவென்று உங்களுக்கும் தெரிந்துகொள்ளத் தோன்றும்.

3

மேஸ்திரி கலியமூர்த்தி கெட்டவர் இல்லை. (இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.) ஆள் எடுக்கும் நேரத்தில் வரப்பில் நின்று புத்தகத்தைச் சத்தமாகப் படித்தார். அந்த வரி வந்ததும் நிறுத்தினார்.

"ஏம்மா, நீதான் பூங்குழலியா? சொல்லவேயில்ல!"

"அடிப்பாவி, எத்தினி தபா வெத்தல கேட்டேன்! தீந்துபோச்சின்னியே!" என்றாள் பக்கத்தில் உப்பு தூக்கும் வேலம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

(வெற்றிலையையும் எழுதியிருக்கக் கூடாது.)

"தொத்திக்குமா மேஸ்திரி?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"தொத்தாதுன்னு புக்குலயே போட்டிருக்குது. ஆனா பொசுக்குன்னு பாத்தியில வுழுந்துட்டா மொதலாளிக்கு நான்தான பதில் சொல்லணும்? ஊட்டுக்குப் போம்மா. ஒடம்பு நல்லானதும் வா."

அவர் படிக்காமல் விட்ட என் கடைசி வரி: 'பூங்குழலி எல்லோர் முன்பும் மருந்தை எடுத்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.'

4

முடிவுகள்.

மேஸ்திரி மனம் மாறுகிறார். தொண்டு நிறுவனத்துக்குப் பிடிக்கும்.

சகாயசெல்வி இறந்துபோகிறார். பத்திரிகைகளுக்குப் பிடிக்கும்.

மூன்றாவதாக

5

நேற்று மாலை சகாயசெல்வி என் வீட்டுக்கு வந்தார். மாடிப்படி ஏறி வந்தவருக்குப் பேச்சு வர வெகுநேரம் ஆனது. அவ்வளவுதான் எழுதுவேன்.

"மருந்து எங்கம்மா?"

"ஊட்லயே வெச்சிட்டேன் சார். நல்லாயிடுச்சின்னு சொல்லி வேலைக்குப் போறேன். இந்த வாரம் பாத்துட்டு சொல்றேன்னாரு மேஸ்திரி."

"அது இல்லாம போகக் கூடாது. புத்தகத்துலயே..."

"புக்க வுடுங்க சார். அதாலதான வந்தது. எனக்கு நல்லாயிடுச்சின்னா, 'புக்குல அப்டி போடலியே'ங்கிறாரு. அதே பேர்ல இன்னொண்ணு எழுதுங்க. பூங்குழலிக்கு சொஸ்தமாயிடுச்சி, மருந்தே வாணாம்னு. அச்சுல வந்தா நம்புவாரு."

அப்படி எழுதினால் அதைப் படித்து மருந்தை நிறுத்துகிறவர்கள் இருப்பார்கள். முதல் ஆள் இவர். எழுதாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து இவருக்கு வேலை இல்லை. நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள் என்று தெரியவில்லை. நான் பேனாவை மூடி வைத்தேன். திறந்தேன்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேர மாத்தினீங்கல்ல சார். முடிவ மாத்த முடியாதா?"