முழங்கால் மடிப்பு வரை

அளவெடுக்க வந்த பெண் முட்டி போட்டு உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நாடாவைப் பிடித்தாள். "நாப்பத்திமூணு" என்றாள். அண்ணி சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள். அடுத்தது இவள் முறை.

இந்த அளவெடுப்பே இவளால் வந்ததுதான். தொழிற்சாலைக்குத் தையல் மெஷின்களோடு கப்பலில் வந்த நாற்காலிகளில் இரண்டு வருடம் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போய், மருத்துவர் இன்னும் ஆறு மாதம் இப்படியே போனால் தையல் வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொன்ன பிறகு, மேலாளர் அறைக்குப் போய் முறையிட்டவள் இவள். அதற்காக அளவெடுக்க வந்த பெண் எல்லோரையும் கூட்டி வைத்து விளக்கினாள். இந்த நாற்காலி வேறு இனத்து ஆட்களை அளந்து செய்தது, உங்கள் ஆட்களுக்குக் கால் நாலு விரற்கடை குறைவு, அது குறை இல்லை, நாற்காலிதான் தப்பு என்றாள். முழங்கால் அளவு நாற்பது சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பவர்களுக்குக் குட்டை நாற்காலி வரும்.

அந்த வேறு இனத்துப் பெண்ணைத்தான் அண்ணன் கட்டிக்கொண்டு வந்திருந்தான். அவளுக்குக் கொக்கு என்று பெயர் வைத்ததும் இவள்தான். அண்ணி அதைக் கேட்டுவிட்டு, நல்ல பறவைதானே என்றாள். வந்த மூன்றாம் மாதமே அண்ணன் சமையலறைப் பலகையை அவள் உயரத்துக்கு ஏற்றி அடித்தான். அன்றிலிருந்து இவள் உப்பு ஜாடிக்கு முக்காலி போட்டு ஏறுகிறாள். தொழிற்சாலையிலும் அண்ணி அந்த நாற்காலியில் தைத்துப்போட்ட சட்டை மாதிரிப் பொருந்தி உட்கார்ந்து, இவளைவிட இருபது உருப்படி கூடத் தைத்தாள்.

நாடா இவள் காலில் பட்டது. பக்கத்தில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். நீளப் பாவாடைக்குள் இவளுடைய குதிகால் தானாக எழும்பியது.

"நாப்பத்திரெண்டு" என்றாள் அந்தப் பெண். கொஞ்சம் ஆச்சரியப்பட்டு எழுதிக்கொண்டாள்.

அண்ணியின் பார்வை பாவாடை விளிம்பில் ஒரு நொடி நின்று விலகியது.

ஒரு மாதம் கழித்துக் குட்டை நாற்காலிகள் வந்து இறங்கின. வரிசையில் ஒவ்வொருத்தியும் உட்கார்ந்து, பாதம் தரையில் பட்டதும் பெருமூச்சு விட்டாள். பழைய நாற்காலி அண்ணிக்கும் இவளுக்கும் மட்டும் நின்றது. மதியம் அளவுக்காரப் பெண் மறுபடி வந்தாள். நாற்காலி ஒத்துவராதவர்கள் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும், நாளைக்குப் பட்டியல் முடிந்துவிடும் என்று அறிவித்துவிட்டு வரிசையின் முதலிலிருந்து ஒவ்வொருத்தியிடமாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

அண்ணி துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்லக் கேட்டாள்.

"சொல்லிடேன்மா. இதுல என்ன இருக்கு?"

"உங்களுக்கு என்ன தெரியும் அண்ணி."

"அன்னைக்கே பாத்தேன். உங்க அண்ணன்கிட்டகூட சொல்லல."

அண்ணி சொல்லித் தொலைத்திருந்தால் ஒரு பாட்டம் சண்டை போட்டிருக்கலாம். பெரிய மனசு காட்டுவதிலும் அவள்தான் உயரமா? இவள் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, பெருவிரல் நுனியால் பெடலை எட்டி மிதித்தாள். இடுப்பிலிருந்து வலி நெருப்பாக இறங்கியது. மெஷின் ஓடியது. துணி நகர்ந்துகொண்டே இருந்தது. மேசைகளுக்கு அடியில் வரிசையாகத் தரையில் பதிந்திருந்த பாதங்களைத் தாண்டித் தாண்டி அளவுக்காரப் பெண்ணின் கறுப்புச் செருப்புகள் வந்தன. இவள் மேசைக்கு முன்னால் நின்றன.