அணைக்காத பெட்டி

“ஏன்டி தேவி, இதுக்குள்ள எம்புள்ள கீறானா?”

ஆதியம்மாள் அத்தை அப்படித்தான் கேட்டாள். மீன் போட்டுக் கொடுக்கிற கறுப்புக் கவருக்குள் கையை விட்டு ஒரு ஹார்டு டிஸ்கை எடுத்து என் முன்னால் நீட்டினாள். கவர் ஈரமாக இருந்தது. டிஸ்க் நனையவில்லை, அதை ஒரு பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தாள். யாராவது நேராக நின்று கேள்வி கேட்டால் எனக்குப் பேச்சு வராது. வகுப்பில் எழுப்பி நிறுத்தினாலும் அப்படித்தான். ஒன்பதாவதோடு நான் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். “அண்ணன் வரட்டும் அத்தை” என்று மட்டும் சொன்னேன். அவள் வாசலிலேயே குந்திவிட்டாள்.

அத்தையின் மகன் அரசு, ஈசிஆர் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிற வேலையில் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் அங்கே தங்கியிருந்த ஒரு அம்மாவின் தங்கக் காப்பு காணாமல் போனது. அந்த அறையின் சாவி அன்றைக்கு அரசிடம் இருந்தது. அந்த நேரத்தில் தான் ரிசார்ட்டிலேயே இல்லை, வெளியே ராகவன் ஜூஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன் என்று அரசு சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவனைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய் ரிமாண்டில் வைத்துவிட்டார்கள்.

ராகவன் கடையில் நான்கு கேமரா உண்டு. ஆனால் அத்தை அலைந்து திரிந்து, வக்கீல் வைத்து, கடைக் கேமரா ஞாபகம் வந்து அங்கே போய் நின்றபோது, படத்தைச் சேர்த்து வைக்கிற டிவிஆர் பெட்டி இடியில் கருகிப் போயிருந்தது. ராகவன் புதுப் பெட்டி வாங்கி மாட்டிவிட்டார். கருகிய பெட்டியிலிருந்து டிஸ்கைக் கழற்றி அத்தையின் கையில் கொடுத்து, “படம் இதுலதாம்மா கீது. எடுக்கத் தெரிஞ்ச ஆள நீதான் பாத்துக்கணும்” என்றாராம்.

எங்கள் குப்பத்தில் அப்படி ஆள் என்றால் அது என் அண்ணன் லோகுதான்.

லோகு ஏசி சர்வீஸ் வேலைக்குப் போகிறவன். ரிசார்ட்டுகளிலும் ஓஎம்ஆர் பக்கத்து ஆபீஸ்களிலும் தூக்கிப் போடுகிற கம்ப்யூட்டர்களைக் கேட்டு வாங்கி பைக்கில் கட்டிக்கொண்டு வருவான். எங்கள் வீட்டுப் பின்னறை முழுக்க அவைதான். சட்டி மாதிரி பெரிய மானிட்டர்கள், மஞ்சளாகிப்போன கீபோர்டுகள், மூடியில்லாத சிபியுக்கள். அவன் தவணையில் வாங்கிய புதுக் கம்ப்யூட்டர் ஒன்றும் உண்டு; சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். அதை மட்டும் பாலிதீன் போட்டு மூடி, செருப்புப் பெட்டிகளில் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களை உள்ளே போட்டு வைத்திருந்தான். எங்கள் ஊரில் உப்புக்காற்று எதையும் விடாது. செம்பு பச்சையாகும், இரும்பு பொரியும். மாதம் ஒருமுறை ரேம்களைக் கழற்றி அவற்றின் மஞ்சள் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்க்க வேண்டும். அது என் வேலை. ஜெரோம் வந்தால் “டாக்டரம்மா பல்லு வெளக்கிக்கினு கீறாங்க” என்று கிண்டல் பண்ணுவான்.

ஜெரோம் கோவளத்துக்காரன். திருப்போரூரில் ஒரு செல்போன் கடையில் வேலை. லோகுவுக்கு இருக்கிற அதே பைத்தியம் அவனுக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் ஒரு செத்த பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். அது ஒரு தடவை ‘பீப்’ என்று சத்தம் போட்டுவிட்டால் குழந்தை பிறந்த மாதிரி குதிப்பார்கள். திரையில் தேதி இருபது வருஷத்துக்கு முந்தியதாக இருக்கும். சிரித்துக்கொண்டே எஃப்-ஒன்றை அழுத்திவிட்டு மேலே போவார்கள். பார்க்க அதில் ஒன்றும் இருக்காது. ஓடும், அவ்வளவுதான்.

அவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு பழைய பெட்டி ஓட ஆரம்பித்துவிட்டால் அதை அணைக்கக் கூடாது. அணைத்தால் அடுத்த முறை எழுந்திருக்கும் என்று நிச்சயமில்லை. போன வருஷம் அப்பா, கரண்ட் வீணாகிறது என்று ஒரு பெட்டியை அணைத்துவிட்டார். ஒரு மாதம் பாடுபட்டு எழுப்பிய பெட்டி அது. பிறகு அது எழவே இல்லை. லோகு இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. அதற்கப்புறம் அந்த அறையின் சுவிட்சில் வீட்டில் யாரும் கை வைப்பதில்லை.

லோகு வந்ததும் டிஸ்கைத் தன் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தான். அத்தை கதவோரம் நின்றாள்.

“இன்னா நைனா, தெரியுதா?”

“வெத்து டிஸ்க்குன்னு சொல்லுது அத்த. ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேக்குது.”

“பண்ணு.”

“அய்யோ அத்த! பண்ணா மொத்தமும் பூடும்.” உடனே ஒயரைப் பிடுங்கினான். “இது விண்டோஸுக்குப் புரியாது. அதே கம்பெனி டிவிஆர்தான் படிக்கும். ஜெரோம கேக்கறேன்.”

அதுவரைக்கும் அவன் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தான். இதை நான் சொல்லியாக வேண்டும்.

மூன்று நாள் கழித்து ஜெரோம் பழைய இரும்புக் கடையிலிருந்து அதே கம்பெனி டிவிஆர் ஒன்றைக் கொண்டுவந்தான். அடியெல்லாம் துரு. மவுஸ் மாட்ட இரண்டு ஓட்டை. அதில் ஒன்று உப்பில் பொரிந்து போயிருந்தது. முகப்புப் பொத்தான்கள் அழுத்தினால் அழுந்தவே இல்லை. பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க லோகு தன்னிடமிருந்த ஒரு கேமராவை அதில் மாட்டி, சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டான். டிவிஆர் எங்கள் தட்டை மானிட்டருக்கு ஒத்துவரவில்லை. அதனால் சட்டி மானிட்டரை வைத்தார்கள். கொஞ்ச நேரம் கறுப்பாக இருந்தது. பிறகு எங்கள் அறையே திரையில் வந்தது. ஜெரோம் அதற்கு முன்னால் நின்று சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான்.

“டேய், பொம்பளப் புள்ள கீதுடா.”

“டாக்டரம்மா கண்ண மூடிக்கோ.”

அன்றைக்கே ராகவன் கடை டிஸ்கை உள்ளே மாட்டினார்கள். அத்தையைக் கூப்பிட நான்தான் ஓடினேன். மீன் கூடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். திரையில் ஒரு காலண்டர் வந்தது. படம் இருக்கிற நாட்களில் எல்லாம் ஒரு பச்சைக் கட்டம். முதல் பச்சைக் கட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை.

“மச்சான், மயிரிழையில தப்பிச்சிகினு கீது” என்றான் ஜெரோம். “இதுக்கு முந்துன நாளெல்லாம் அதுவே அழிச்சிடுச்சு. இடம் ரொம்பினா அப்படித்தான், பழசத் தின்னும்.”

இதைச் சொன்னது ஜெரோம்தான். லோகு கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

நாலு மணி இருபது நிமிஷத்தில் அரசு வந்தான். நீலச் சட்டை, ரிசார்ட் பேட்ஜ். கடைக்கு முன்னால் நின்று போனைப் பார்த்தான். ஜூஸ் வாங்கினான். ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டு யாரிடமோ பேசிச் சிரித்தான். அத்தை திரைக்குக் கிட்டே போய், விரலால் தொடப்போய், ஷாக் அடிக்கும் என்று பயந்து கையை இழுத்துக்கொண்டாள்.

“எளச்சிட்டான்ல?” என்றாள். இரண்டு வாரத்துக்கு முந்தைய படம் அது.

ஜெரோம் தன் போனில் அதைப் பிடிக்கப் பார்த்தான். சட்டி மானிட்டரைப் போனில் பிடித்தால் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும். அரசின் முகம் இருக்கிற இடத்தில் ஒரு பட்டை. மணி இருக்கிற மூலையில் வெள்ளையாகப் பளபளப்பு. “இது ஒதவாது” என்றான். பென் டிரைவில் எடுக்கலாம் என்றால் நல்லதாக இருந்த ஒரே ஓட்டையில் மவுஸ் இருந்தது. மவுஸைப் பிடுங்கினால் பெட்டிக்குக் கட்டளை சொல்ல வழியில்லை. மற்ற ஓட்டையைப் பிரித்து வேறு வைத்துப் பற்றவைக்க வேண்டும். அதற்குப் பெட்டியை அணைக்க வேண்டும்.

லோகு வக்கீல் கோதண்டராமனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

“போன்ல புடிச்சதெல்லாம் எனக்கு வேணாம்பா. எவன் வேணா எந்தத் தேதிய வேணா போட்டுப் புடிப்பான்னு சொல்லுவாங்க. பெட்டி, டிஸ்க் எல்லாம் அப்படியே இருக்கட்டும். நாளைக்கு சாயங்காலம் கோர்ட் முடிஞ்சு நானே வர்றேன். நான் பார்த்த பின்னாடி முறையா எடுத்துக்கலாம். திங்கக்கிழமை ஜாமீன் மனு வருது, அதுக்குள்ள கையில இருந்தா போதும்.”

“சரி சார்.”

போனை வைத்ததும் ஜெரோம் கேட்டான். “ஆஃப் பண்ணி வச்சிடலாமாடா?”

“லூசா நீ? திரும்ப எழும்பலன்னா? இது இரும்புக் கடப் பெட்டி. வக்கீல் வர்ற வரைக்கும் ஓடட்டும்.”

ஜெரோம் தலையாட்டினான். அந்த அறையில் அது யாருக்கும் தப்பாகப் படவில்லை. அதுதான் அங்கே எப்போதும் இருந்த சட்டம்.

மறுநாள் லோகு வேலைக்குப் போகும்போது என்னைக் காவல் வைத்துவிட்டுப் போனான். நான் அறையைப் பெருக்கினேன். ரேம் தேய்த்தேன். திரையின் ஓரத்தில் எங்கள் அறை ஒரு சின்னக் கட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. எனக்கு அது என்னவோ போல இருந்தது. லோகுவுக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, செவப்பா ஒண்ணு எரியுது.”

“ஆன்ல கீதுன்னு அர்த்தம். நீ எத்தயும் தொடாத.”

மத்தியானம் கரண்ட் போனது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. லோகு அதில் பழைய கார் பேட்டரி இணைத்து வைத்திருந்ததால் பெட்டி நிற்கவில்லை. ஆதியம்மாள் அத்தை சத்தம் கேட்டு ஓடி வந்தாள். இரண்டு பேரும் கரண்ட் வருகிறவரைக்கும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அத்தை கைகூப்பி, திருப்போரூர் முருகனுக்கு ஏதோ வேண்டிக்கொண்டாள். மின்விசிறி திரும்பச் சுற்ற ஆரம்பித்ததும், “அப்பாடா” என்று சுவரில் சாய்ந்தாள்.

வக்கீல் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ஜெரோமும் வந்திருந்தான். வக்கீலுக்கு நாற்காலி போட்டோம். அத்தை தரையில் உட்கார்ந்தாள். தலைவாரிப் பூ வைத்திருந்தாள். லோகு மவுஸைப் பிடித்துக் காலண்டரைத் திறந்தான்.

முதல் பச்சைக் கட்டம் திங்கட்கிழமையில் இருந்தது.

லோகு காலண்டரை மூடிவிட்டு மறுபடி திறந்தான். பிறகு அதற்கு முந்தின மாதத்துக்குப் போய்த் திரும்பி வந்தான்.

“ஞாயித்துக்கிழமைதானேப்பா?” என்றார் வக்கீல்.

“ஆமா சார். நேத்து இருந்துச்சு சார்.”

“இருந்தது எங்க போகும்?”

லோகு ஞாயிற்றுக்கிழமையின் மேல் அழுத்தினான். ஒன்றும் வரவில்லை. கடைசியில் நேற்றைக்கும் இன்றைக்கும் புதிதாகப் பச்சைக் கட்டங்கள் இருந்தன. இன்றையதை அழுத்தினான். எங்கள் அறை வந்தது. காலை வெளிச்சம். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். அவன் படத்தை வேகமாக ஓட்டினான். அப்பா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மத்தியானம் அத்தையும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அத்தை திரைக்குள் கைகூப்பினாள்.

ஜெரோம்தான் முதலில் சொன்னான். மெதுவாக, யாருக்கும் கேட்கக் கூடாது என்கிற மாதிரி.

“டேய். கேமராவக் கழட்டலடா நாம. ரெக்கார்டு ஆயிகினே இருந்துகீது.”

லோகு சுவரில் தொங்கிய கேமராவை நிமிர்ந்து பார்த்தான்.

“புரியற மாதிரி சொல்லுப்பா” என்றார் வக்கீல்.

“இடம் இல்ல சார் டிஸ்க்ல. புதுசா எழுத எழுத, இருக்கறதுலயே பழச அழிச்சி அது மேல எழுதும். பழசு எதுன்னா... அந்த ஞாயித்துக்கெழமதான் சார்.”

“அழிஞ்சதத் திரும்ப எடுக்கலாம்னு சொல்றாங்களே. லேபெல்லாம் இருக்கே.”

“சும்மா அழிச்சிருந்தா எடுக்கலாம் சார். மேல எழுதிட்டா எடுக்க முடியாது.”

“நேத்து நீங்க பார்த்தீங்கதானே எல்லாரும்?”

“பாத்தோம் சார். நாலு இருபதுக்கு வந்தான். ஜூஸ் குடிச்சான்.”

“நீங்க பார்த்தது கோர்ட்ல நிக்காது. நீங்க அவன் ஊருக்காரங்க.” வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போன்ல எடுத்தீங்களே, அதக் காட்டு.”

ஜெரோம் காட்டினான். கறுப்புப் பட்டைகள் ஓடின. அவற்றுக்கு நடுவில் நீலமாக ஏதோ அசைந்தது. வக்கீல் இரண்டு தடவை பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “நேத்தே ஆஃப் பண்ணியிருந்தா?” என்று கேட்டார்.

“இருந்திருக்கும் சார்” என்றான் ஜெரோம்.

லோகு அப்போதும் மவுஸை விடவில்லை. திங்கட்கிழமையைத் திறந்து அதன் முதல் நிமிஷத்திலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தான். ராகவன் ஷட்டரைத் தூக்கினார். ஒரு நாய் போயிற்று. அதற்கு முன்னால் போக வழியில்லை என்று தெரிந்தும் அவன் பின்னால் பின்னால் இழுத்துக்கொண்டே இருந்தான். ஷட்டர் ஏறியது, இறங்கியது, ஏறியது. திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஜெரோம் கையை நீட்டி சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினான். யுபிஎஸ் கத்தியது. அதையும் அணைத்தான்; அதில் ஓடிக்கொண்டிருந்த மற்ற பழைய பெட்டிகளும் நின்றன.

அறை சட்டென்று அமைதியாகிவிட்டது. எத்தனையோ மாதமாக அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

“அத்த” என்றான் லோகு. திரும்பாமலே சொன்னான். “அத்த, நான் வேணும்னு...”

ஆதியம்மாள் அத்தை என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாளோ என்னவோ. அவள் தரையில் கையை ஊன்றி எழுந்தாள். அறை முழுக்க ஒயர்கள் கிடந்தன. எந்த ஒயரையும் மிதித்துவிடாமல், புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தாண்டி வெளியே போனாள்.