காப்பிக் கடையில் என் மணி

எங்கள் பேண்டில் நான் டிரம்மர். எங்கள் முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் கிடையாது.

"அகூஸ்டிக் ஆல்பம்டா. கிடார், குரல், அவ்வளவுதான். காப்பிக் கடைக்குப் போறது, காதைக் கிழிக்கக் கூடாது" என்றான் மஃப்ளர். எங்கள் பாடகன். வெயில் கொளுத்தும்போதும் தொண்டைக்குத் துணி சுற்றிக்கொண்டு திரிவதால் வந்த பெயர். நகரம் முழுக்கக் கிளை வைத்திருந்த காப்பிக் கடைக்காரர்கள் எங்கள் ஆல்பத்தைக் கடைகளில் ஓடவிட்டு, கல்லாவில் வைத்து விற்றும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"அப்ப நான்?"

"நீ மேனேஜ்மென்ட் பாரேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜ்மென்ட் பார்க்கவா இத்தனை வருஷம் அம்மாவிடம் திட்டு வாங்கினேன்? நான் வாசிப்பதை அம்மா ஒருநாளும் வாசிப்பது என்று சொன்னதில்லை. 'தட்டுறான்' என்பாள். அவளே முதல்முறையாக, இந்த ஆல்பத்தைக் கடைக்கு வந்து கேட்பதாக வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். அதில் என் சத்தம் ஒன்றாவது இருந்தாக வேண்டும். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். மஃப்ளர் மனமிரங்கி, பாட்டுக்கு ஒரே ஒரு இடத்தில் ஒரு சின்ன மணியைத் தட்ட விட்டான். டிங். அந்த ஒரு டிங்குக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பாடு எனக்குத்தான் தெரியும். மணிச் சத்தம் வந்தால் அது நான்தான் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன்.

ஆல்பம் ஓடத் தொடங்கிய வாரமே கடையின் மார்க்கெட்டிங் மேடம் கூப்பிட்டார். பாராட்டு வாங்கச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனோம்.

"பாட்டெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. யாருக்கும் தொந்தரவே இல்ல. ஓடுறதே தெரியல."

மஃப்ளரின் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது.

"அந்த மணிதான் பிரச்சனை" என்றார் மேடம்.

காப்பி தயாரானால் கவுண்டரில் ஒரு மணியைத் தட்டுவது அவர்கள் கடை வழக்கம். பாட்டில் என் டிங் கேட்டதும் ஆட்கள் எழுந்து ஓடுகிறார்களாம். அங்கே காப்பி இல்லை. முறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அடுத்த பாட்டில் மறுபடி டிங். எல்லாக் கிளையிலும் இதே கூத்து.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மஃப்ளர் காதல் தோல்வியில் அப்படி உருகியும் ஒருத்தர் தலை நிமிரவில்லை. நான் ஒரு தட்டு தட்டினால் கடையே எழுந்து நிற்கிறது.

"மணியை எடுத்துட்டா, கோப்பையிலயும் உங்க எல்லார் படத்தையும் போடலாம்."

மஃப்ளர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "எடுத்துடலாம் மேடம்."

எடுத்துவிட்டார்கள். அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளோ பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டு, நல்ல புடவை ஒன்றை உடுத்திக்கொண்டு கிளம்பி நின்றாள்.

கடையில் கூட்டம் நெரிந்தது. எங்கள் படம் போட்ட கோப்பையைப் பிடித்தபடி, கவுண்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். ஸ்பீக்கரில் மஃப்ளர் உருகினான். என் இடம் வந்தது, போனது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

கவுண்டரில் யாருக்கோ காப்பி தயாரானது. டிங்.

அம்மா கண்ணைத் திறந்தாள். "இது நீதானே?"

நான் பதில் சொல்வதற்குள் இன்னொரு டிங். அதன் பின்னாலேயே இன்னொன்று. அம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

"பாட்டு பூரா நீதான்டா இருக்க! அந்தப் பையன் சும்மா நடுவுல முனகிட்டு இருக்கான்."

தலையை மட்டும் ஆட்டினேன்.

வெளியே வந்ததும் அம்மா என் தோளைத் தட்டினாள்.

"நல்லாதான் வாசிக்கிற" என்றாள். வாசிக்கிற! "தாளம்தான் கொஞ்சம் தப்புது. வீட்டுலயே ப்ராக்டிஸ் பண்ணு, இனிமே நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."