துடைக்காத கண்ணாடி

அண்ணன் முத்துக்கண்ணன் கம்பெனிப் பயிற்சிக்காக ஓசூர் கிளம்பியபோது, கூடத்தில் இருக்கும் கடல்நீர் மீன்தொட்டியை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். உள்ளங்கை அகலத்தில் தட்டையான ஒரு மஞ்சள் மீன், ஐந்து நத்தைகள். ஆறும் பாசி தின்பவை. “கண்ணாடியில பாசி படிஞ்சா காந்தத் துடைப்பானால தொடச்சிரு. வேற ஒண்ணும் வேலையில்ல” என்றான். எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தினமும் துடைத்தேன். மாலை ஐந்து மணிக்கு, தையல் வகுப்புக்குக் கிளம்பும் முன்பு, நாலு பக்கமும். பிறகு கற்களைப் பழைய பல் பிரஷால் தேய்ப்பேன். நோட்டில் ‘துடைத்தல்’ என்று கட்டம் போட்டு, தேதி எழுதி டிக் போடுவேன். அம்மாவுக்குப் பெருமை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கோவிலூரிலிருந்து அண்ணனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது.

பத்தாம் நாள், மீனின் வயிறு தலைக்குப் பின்னால் குழிந்திருப்பது போலத் தெரிந்தது. நிஜமா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா? முதல் நாள் எடுத்த படத்தோடு ஒப்பிட்டேன். குழிதான். ஒரு நத்தை மல்லாந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுத்தபோது நாற்றம் அடித்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, ஒரு நத்தை செத்துருச்சு. மீனும் மெலியுது. தினமும் சுத்தமாத்தான் வச்சிருக்கேன்.”

“தினமுமா? நாலு பக்கமுமா?”

“கல்லையும்.”

சிரித்தான். “ஏ புள்ள, அதுக சோத்துத் தட்டை நீ வேளாவேளைக்குக் கழுவிக் கவுத்து வச்சிருக்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“சரி, அழாத. நானும் வெவரமாச் சொல்லல. தொட்டிக்குக் கீழ ஒரு கவர்ல கருப்புத் தாள் இருக்கும். காஞ்ச கடற்பாசி. தீப்பெட்டி அளவு கிழிச்சு, ஒரு கல்லுல ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி உள்ள எறக்கு. மீன் பழக ரெண்டு மூணு நாளாகும். நத்தைக்குக் கண்ணாடிப் பாசிதான். ஒரு வாரம் தொடைக்காத.”

அந்த ஒரு வாரத்துக்குள் வெள்ளிக்கிழமையும் இருந்தது.

“அம்மாகிட்ட நீயே சொல்லுண்ணே.”

“வாறவுக தொட்டியவா பார்க்க வாறாக? நீயே சொல்லு.”

தொட்டிக்குக் கீழே கவர் இல்லை. கார்பன் பேப்பர் என்று நினைத்து அம்மா அதை அப்பாவின் பத்திரக் கட்டோடு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். சாவி வாங்கி எடுத்து, கல்லில் கட்டி இறக்கினேன்.

திங்கட்கிழமை மீன் தாளின் பக்கமே வரவில்லை. மிச்சம் கிடந்தால் தண்ணீர் கெடும் என்று மறுநாள் காலையில் எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டினேன். புதன்கிழமை ஒரு கடி கடித்துத் துப்பியது. கட்டியது தப்போ என்று இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினேன். வியாழக்கிழமைக்குள் கண்ணாடி நாலு பக்கமும் பச்சை.

“என்னத்தா இது, குளம் மாதிரி? நாளைக்கு ஆளு வாறாக. தொடச்சு விடு” என்றாள் அம்மா.

“யம்மா, அது அதுகளுக்குச் சாப்பாடு. தொடச்சா மீதி நாலு நத்தையும் செத்துரும்.”

“ஒரு நாள்லயா செத்துரும்?”

“தெரியலம்மா. ஆனா நான் தொடைக்க மாட்டேன்.”

அம்மாவிடம் நான் அப்படிச் சொன்னதே இல்லை. அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று வகுப்பில் ஒரே பொத்தான் காஜாவை மூன்று தடவை தைத்துப் பிரித்தேன்.

ஏழரைக்குத் திரும்பியபோது தொட்டியின் முன்கண்ணாடி பளபளத்தது.

“முன்னாடி மட்டுந்தான்” என்றாள் அம்மா, நிமிராமல். “வாறவுக உக்காருற பக்கம் அதுதானே. மத்த பக்கம் கை வைக்கல. போதுமா ஒன் நத்தைக்கு?”

பின்னால் போய்ப் பார்த்தேன். பச்சைக்கு நடுவே விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து மேலே போனது. அதன் முனையில் ஒரு நத்தை.

வெள்ளிக்கிழமை பெண்ணின் அம்மா அனுசுயா காபியைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியையே பார்த்தார். மீன் தாளைக் கடித்து, தலையை வெடுக்கென்று ஆட்டிக் கிழித்தது. கிழித்ததைத் துப்பவில்லை.

“அது என்ன திங்குது?”

“கீரை” என்றாள் அம்மா. “எங்க வீட்டுல அது ஒண்ணுதான் சைவம்.”

அவர்கள் போன பிறகு நோட்டை எடுத்தேன். ‘துடைத்தல்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்.

மீன்: பாதித் தாள். நத்தை: நான்கு.